வங்காள மத்தாப்பு: 1971-இன் பின்விளைவும் பாரிசில் பரிசு பெற்ற ஒரு கொல்கத்தா நாவலும்

பிரான்சின் முதன்மையான இலக்கியப் பரிசுகளுள் ஒன்றான மெதிசிப் பரிசு, திறமைக்கு ஈடான புகழ் இன்னும் வந்து சேராத எழுத்தாளர்களை அடையாளம் காட்டும் நோக்கத்துடன் 1958-இல் தொடங்கப்பட்டது. 1970 முதல், பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்ட அயல்நாட்டு நாவல் ஒன்றுக்கும் ஆண்டுதோறும் தனியே ஒரு பரிசு அளிக்கப்பட்டு வருகிறது. 1990-இல் இந்த இரண்டாவது பரிசைப் பெற்றது, 1956-இல் கொல்கத்தாவில் பிறந்த அமிதவ் கோஷின் முதல் நாவல். ஆங்கிலத்தில் 1986-இல் வெளியான அந்நூலின் பெயர் 'தி சர்க்கிள் ஆஃப் ரீசன்', அதாவது பகுத்தறிவின் வட்டம். பாரிசின் சேய் பதிப்பகம் அதைப் பிரெஞ்சில் வெளியிட்டபோது தலைப்பை அப்படியே பெயர்க்காமல் 'லே ஃபே தியூ பெங்கால்' என்று புதுப்பெயர் சூட்டியது.

இப்பெயரின் நேர்ப்பொருள் 'வங்காளத்தின் நெருப்புகள்' என்பதுதான் என்றாலும், பிரெஞ்சு வாசகரின் காதில் அது வேறொன்றையும் ஒலிக்கும். 'ஃபே த பெங்கால்' என்பது அம்மொழியில் மத்தாப்பைக் குறிக்கும் வழக்குச் சொல். வெடியுப்பையும் கந்தகத்தையும் அடிப்படையாகக் கொண்ட அந்த ஒளிக்கலவையைக் கப்பல்கள் கடலில் அபாயக் குறியாகக் கொளுத்துவது முற்கால வழக்கம்; அதற்கு வேண்டிய வெடியுப்பு பீகார் மண்ணில் எடுக்கப்பட்டு ஹூக்ளி ஆற்றின் வழியே ஐரோப்பாவுக்குப் போனது. தமிழில் நாம் சொல்லும் 'மத்தாப்பு' நிலவொளியைக் குறிக்கும் 'மஹ்தாப்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியருக்கு அதே பொருள் வங்காளத்தின் பெயரால் தெரிந்திருக்கிறது. நாவலின் முதற்பகுதி வானில் சுடப்பட்ட ஒரு வெளிச்சக்குண்டில் போய் முடிவதை நினைத்தால், இத்தலைப்பு வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பது புரியும்.

பிரெஞ்சுப் பரிசுக் குழுக்களுக்குப் போர் புதிய பொருள் அன்று. பதுங்குகுழி வாழ்வை எழுதிய ஆன்ரி பார்புசின் நாவலுக்கு, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1916-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. 'நெருப்பு' என்பதே அதன் தலைப்பு. போருக்குப் பிந்தைய காலத்தை எழுதும் நாவல் இதிலிருந்து வேறுபட்ட வகை. பியேர் லெமேத்ருக்கு 2013-இல் கோன்கூர் பெற்றுத்தந்த நாவலில், 1918-க்குப் பின்னர், இறந்த சிப்பாய்களை மறு அடக்கம் செய்யும் ஒப்பந்தத்தில் ஒருவன் கொள்ளை லாபம் பார்க்கிறான். உயிர் தப்பிய இரு சிப்பாய்களோ கட்டப்படவே போகாத நினைவுச் சின்னங்களை ஊர் ஊராக விற்கிறார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்தபின் பிணமும் துயரமும் எப்படிச் சரக்காகின்றன என்பதே அங்கே கேள்வி. கோஷின் நாவல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் அது பேசும் போரை ஐரோப்பிய வாசகர் பெரும்பாலோர் செய்தித்தாளின் உட்பக்கத்தில் மட்டுமே கண்டிருப்பார்கள்.

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் தொடங்கிய ஒடுக்குமுறையை அடுத்து, கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கு வங்காளத்தில் தங்கினர். கொல்கத்தாவிலிருந்து எல்லைக்குச் செல்லும் ஜெசூர் சாலையின் இருமருங்கிலும் குடிசைகள் முளைத்தன. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், அப்போதுதான் மண் நிரப்பி உருவாகிக்கொண்டிருந்த சால்ட் லேக் பகுதியும் முகாமாயிற்று. இந்தியாவும் பாகிஸ்தானும் நேரடியாக மோதிய போர் டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்தது. வரலாற்று நூல்கள் பொதுவாக இந்தப் பதினான்கு நாட்களைப் பற்றியே பேசுகின்றன. எல்லைக் கிராமங்களின் கணக்கு வேறு. அங்கே குடியிருந்தவர்களில் பலர் 1947 பிரிவினையில் ஏற்கெனவே ஒருமுறை துரத்தப்பட்டு வந்தவர்கள். அவர்கள் வாசலுக்கு இரண்டாவது அகதி அலை வந்து சேர்ந்தது.

கோஷ் படைத்த லால்புகூர் அப்படிப்பட்ட ஒரு கற்பனைக் கிராமம். உருளைக்கிழங்கு போன்ற தலையுடைய எட்டு வயது அநாதைச் சிறுவன் ஒருவன் அங்கே தன் பெரியப்பா பலராமிடம் வந்து சேர்கிறான். நசிகேத போஸ் என்ற அவனுடைய இயற்பெயரை மறந்து ஊரார் அவனை 'ஆலு', அதாவது உருளைக்கிழங்கு, என்றே கூப்பிடுகிறார்கள். பலராம் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர், இளமையில் பகுத்தறிவாளர் சங்கத்தில் இருந்தவர், இப்போது கிராமப் பள்ளி ஆசிரியர். மனிதரின் குணத்தை மண்டையோட்டின் மேடு பள்ளங்களை அளந்து கண்டுபிடிக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்று, பிறகு அறிவியலால் கைவிடப்பட்ட மண்டையோட்டியல் அவருக்குப் பித்து. அளவுகோலும் கையுமாக ஊரார் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் உயிராகப் போற்றும் நூல் ஒரு பிரெஞ்சு நூலின் ஆங்கில வடிவம்: லூயி பாஸ்டரின் மருமகன் ரெனே வலேரி-ராதோ எழுதிய 'பாஸ்டரின் வாழ்க்கை'. பலராமின் மனைவி தையல் இயந்திரமே உலகமாக வாழ்பவள். அவள் பெயர் தோரு. பிரெஞ்சில் நாவல் எழுதி, அது அச்சாகும் முன்பே 1877-இல், 21 வயதில் இறந்துபோன, கொல்கத்தாவின் ராம்பகானைச் சேர்ந்த தோரு தத்தின் பெயர் கொல்கத்தா வாசகருக்கு இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

பலராமுக்கு எதிராளி பள்ளித் தலைமையாசிரியரும் ஊர் அரசியல் புள்ளியுமான பூதேவ் ராய். போர் நாட்களில் விமானம் ஒன்று அவருடைய பள்ளியின் மீது விழுந்து நொறுங்குகிறது; அவர் அதன் துண்டுகளை விலை பேசி விற்கிறார். லெமேத்ருவின் மறு அடக்க ஒப்பந்தக்காரனை நினைவூட்டும் இந்த நிகழ்ச்சி, அந்த நாவலுக்கு 27 ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது. போர் என்பது அந்த ஊருக்கு வானத்திலிருந்து விழுந்த பழைய இரும்பு. அது தகரத்தின் விலைக்குப் போயிற்று. வீர வழிபாட்டுக்கு இடமளிக்காத இந்தக் கேலிதான் நாவலின் தொனி. முகாம்களின் துயரத்தைக் கண்ணீரால் எழுதிய நூல்கள் பல இருக்க, சிரிப்பால் எழுதியவை அரிது.

அகதிகள் வந்து சேர்ந்ததும் பலராமைப் பற்றிக்கொள்வது கிருமி பயம். ஊரில் நன்கொடை திரட்டிக் கார்பாலிக் அமிலம் வாங்கி, தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, குடிசை குடிசையாகத் தெளிக்கிறார். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் கார்பாலிக் அமிலத்துக்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு: நொதித்தலுக்கும் அழுகலுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்ற பாஸ்டரின் ஆய்வைப் படித்த ஜோசஃப் லிஸ்டர், 1865-இல் கிளாஸ்கோவில், எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்தை அந்த அமிலத்தில் தோய்த்த துணியால் கட்டி, சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். நவீன அறுவைச் சிகிச்சையின் தூய்மை முறைக்கு அது தொடக்கம். பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பின் வாசனையை அறிந்தவர்களுக்கு இந்த அமிலத்தின் நெடியும் தெரிந்ததே. ஆனால் காயத்துக்குப் போட்டதை மண்ணுக்கும் கூரைக்கும் மனிதருக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதையே கோஷ் எழுதிப் பார்க்கிறார். பலராமின் கண்ணில் அகதி என்பவர் பசித்தவரோ வீடிழந்தவரோ அல்லர், கிருமி தங்கும் இடம். அந்தப் பார்வையில் வன்மம் இல்லை, இரக்கம் நிறையவே இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தாகிறது.

இந்தக் கற்பனைக்குப் பக்கத்தில் அதே ஆண்டில், அதே எல்லையில், உண்மையிலேயே நடந்த ஒன்றை வைத்துப் பார்ப்பது பயன் தரும். காலராவும் கொல்கத்தாவும் பாஸ்டரின் அறிவியலும் நீண்ட காலமாகப் பின்னிக் கிடப்பவை. காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் இந்நகரத்தில்தான் உறுதிசெய்தார். பாரிசின் பாஸ்டர் ஆய்வகத்திலிருந்து வந்த வால்டெமார் ஹாஃப்கின், தம் காலராத் தடுப்பூசியை 1894-இல் இந்நகரத்துச் சேரிகளில் சோதித்தார். கிருமி குடலில் சுரக்கும் நச்சே உடலின் நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959-இல் 'நேச்சர்' இதழில் நிறுவியவர் கொல்கத்தாவின் சம்புநாத் தே. உயிரைப் பறிப்பது நீரிழப்புதான் என்று ஆனபின், கிருமியைக் கொல்வதைவிட முந்திச் செய்ய வேண்டியது இழந்த நீரை உடலுக்குத் திருப்பித் தருவது என்பது தெளிவாயிற்று.

1971-இல் எல்லையோர பங்காவ் முகாமில் காலரா பரவியபோது, அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், மருத்துவமனைத் தரையில் கழிவுக்கும் வாந்திக்கும் நடுவே மண்டியிட்டுத்தான் நோயாளிகளின் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நரம்புவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. அதை ஏற்றப் பழகிய கைகளும் போதவில்லை. அவர் பணியாற்றிய கொல்கத்தா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் சாப்பாட்டு உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் எடை போடப்பட்டன. அவற்றைப் பாலித்தீன் பைகளில் அடைத்து, வாயைச் சூட்டால் ஒட்டி, முகாமுக்குக் கொண்டுபோய்ப் பெரிய உருளைக் கலன்களில் குடிநீருடன் கலந்தார்கள். நோயாளியின் தாயோ அக்காவோ குவளையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் போதும். முன்பு 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவருடைய குழு கவனித்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இன்று எந்த மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தைப் பெருந்திரளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் பெரிய சோதனை இந்தப் போரின் முகாமில் நடந்தது. அந்தக் கரைசலின் அறிவியல் இந்த நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978-இல் 'லான்செட்' இதழ் தலையங்கம் எழுதியது.

பங்காவின் குவளையும் லால்புகூரின் வாளியும் ஒரே அறிவியல் மரபிலிருந்து வந்தவை. முன்னதில் அறிவு ஒரு பொட்டலமாக அகதித் தாயின் கைக்கு மாறியது, அவளே மருத்துவரானாள். பின்னதில் அறிவு ஒருவரின் கையிலேயே நின்று மற்றவர் தலையில் கொட்டப்பட்டது. நாவலில் மஹலனாபிஸ் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. எனினும் கோஷைப் பகுத்தறிவின் எதிரியாக வாசித்த திறனாய்வுகள் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டன என்றே சொல்ல வேண்டும். நாவல் பழிப்பது பகுத்தறிவை அல்ல, யார் கையில் அது இருக்கிறது என்பதை மறந்த பகுத்தறிவை.

அதற்குச் சான்று நாவலுக்குள்ளேயே இருக்கிறது. பலராம் பின்னர் பாஸ்டர் பெயரில் ஒரு பகுத்தறிவுப் பள்ளி தொடங்குகிறார். அதன் செய்முறைப் பிரிவில் தையலும் நெசவும் கற்றுத்தரப்படுகின்றன. ஆலு சம்பு தேவ்நாத் என்ற நெசவாளரிடம் தறி பழகுகிறான். நெசவுக்குள்ளேயே பூவைத்து நெய்யும் ஜம்தானி முறையின் நுட்பங்களும், தறியின் பாகங்களுக்கு வங்காளத்தில் வழங்கும் பெயர்களும், பருத்தித் துணி உலகத்தைச் சுற்றிவந்த வரலாறும் விரியும் இப்பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள். இங்கே அறிவு கையில் இருக்கிறது, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகிறது. கிழக்கு வங்காளத்தின் டாங்காயில் வட்டாரத்து பசாக் நெசவாளர்கள் பிரிவினைக்குப் பின் நாதியா மாவட்டத்தின் புலியாவிலும் அதைச் சுற்றியும் குடியேறித் தறி போட்டார்கள் என்பது வரலாறு. 2024 ஜனவரியில் 'வங்காளத்து டாங்காயில் சேலை'க்கு மேற்கு வங்காளம் புவிசார் குறியீடு பெற்றதும், அடுத்த மாதமே வங்கதேசம் தன் டாங்காயிலுக்குத் தனியே குறியீடு அறிவித்ததும், அகதியின் கைத்தொழில் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுகின்றன.

பள்ளி நிலைக்கவில்லை. பலராமின் தூய்மைப் போர் பூதேவ் ராய் மீது திரும்ப, பூதேவ் ராய் போலீசுக்குத் தகவல் கொடுக்கிறார். 1971-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்கு வங்காளத்தில் நக்சல் இயக்கமும் அதன்மீதான அடக்குமுறையும் உச்சத்தில் இருந்தன; எல்லைக் கிராமத்தில் ஒரு வீடு, அதில் அமிலம், நெசவாளரின் மகன் ராகால் பதுக்கிய நாட்டு வெடிகுண்டுகள் என்றால், காவல்துறைக் கோப்புக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. வீட்டைச் சுற்றி வளைத்த போலீசார் எச்சரிக்கையாக வெளிச்சக்குண்டு சுடுகிறார்கள். வீடு வெடித்து எரிகிறது. பிரெஞ்சுத் தலைப்பின் மத்தாப்பு இதுதான். வெளியே இருந்ததால் தப்பிய ஆலு அன்று முதல் தேடப்படும் தீவிரவாதி. போர் முடிந்து ஆண்டுகள் ஆனபின்னும் அதன் பின்விளைவு ஒரு கோப்பாக உயிர்வாழ்ந்து ஒருவனைத் துரத்துகிறது. துரத்த அனுப்பப்படும் ஜோதி தாஸ் என்ற காவல் அதிகாரியோ பறவைகளை வரைவதில் மனம் தோய்ந்தவர், வலசை வரும் பறவைக்கு எல்லை இல்லை என்பதை நன்கு அறிந்தவர்.

ஆலுவின் ஓட்டம் கொல்கத்தா வழியாகத் தெற்கே மாஹேக்கு வருகிறது. கேரளக் கரையில் இருந்தாலும் புதுச்சேரியோடு ஆளப்படும் அச்சிறு நகரம், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அங்கிருந்து விசைப்படகில் அல்-கசீரா என்ற கற்பனை வளைகுடா நாட்டுக்கு. கட்டடம் ஒன்று இடிந்து அதன் அடியில் ஆலு புதைந்து கிடப்பதும், இரண்டு தையல் இயந்திரங்கள் தாங்கிப் பிடித்ததால் உயிர் பிழைப்பதும், கிருமிகளைவிடப் பணமே பெரிய அழுக்கு என்ற முடிவோடு வெளிவருவதும் அங்கே நடக்கின்றன. 1970-களில் வளைகுடாவுக்குப் போன கூலித் தொழிலாளர் அலையையும் 1971-இன் அகதி அலையையும் ஒரே மனிதனின் நடையாகக் கோத்தது கோஷின் துணிச்சல்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதற்பகுதியில் இத்தனை ஆயிரம் அகதிகள் வந்தும் அவர்களில் ஒருவர்கூட நம் மனத்தில் முகமாகத் தங்குவதில்லை. பலராமின் பார்வையை விமர்சிக்கும் நாவல் தானும் அவர்களைக் கூட்டமாகவே விட்டுவிடுகிறது. நடுப்பகுதியில் கிளைக்கதைகள் மிதமிஞ்சிப் போகின்றன. எல்லைக்கோட்டையும் வன்முறையையும் சிக்கனமாகவும் கூர்மையாகவும் எழுதியது அவருடைய அடுத்த நாவலான 'தி ஷேடோ லைன்ஸ்' (1988). சாகித்திய அகாதெமி அதற்கு 1989-இல் விருது வழங்கியது சரியான முடிவு. ஆனால் போருக்குப் பின் நடக்கும் 'சுத்தப்படுத்தல்' என்பதே ஒரு புதிய வன்முறையாகலாம் என்று காட்டியதில் முதல் நாவலுக்கு இணையாக அவர் பிறகு எதையும் எழுதவில்லை.

மூன்றாம் பகுதி அல்ஜீரியாவின் பாலைவன ஊரான எல் ஊதில் நிகழ்கிறது. அங்கே பணிபுரியும் இந்திய மருத்துவர்கள் தாகூரின் 'சித்ராங்கதா'வை மேடையேற்ற ஒத்திகை பார்க்கையில், நாயகியாக நடிக்கவிருந்த, ஆலுவோடு வந்த குல்பி என்ற பெண் இறந்துபோகிறாள். எரியூட்டும் இடத்தைப் புனிதப்படுத்தக் கங்கை நீர் வேண்டும். பாலைவனத்தில் கங்கைக்கு எங்கே போவது? வர்மா என்னும் பெண் மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கிறார். லால்புகூரில் அகதிகள் மீது கொட்டப்பட்ட அதே திரவம் இங்கே இறந்தவளுக்குச் செய்யும் மரியாதையாகிறது. வர்மாவின் தந்தை பலராமின் பிரசிடென்சி நண்பர். 'பாஸ்டரின் வாழ்க்கை' நூலின் படி ஒன்று அந்த வீட்டிலும் இருக்கிறது. ஆலு அதை எடுத்துச் சிதையின் மேல் வைக்கிறான். பிரெஞ்சு அறிஞரின் வாழ்க்கை வரலாறு எரியும் அந்த நாட்டைப் பிரான்ஸ் 1830 முதல் படையெடுத்துப் பிடித்து, எட்டாண்டுப் போருக்குப் பின் 1962-இல் விட்டுச் சென்றது. அந்தக் காட்சியைக் கொண்ட நாவலுக்கு, அதற்கு 28 ஆண்டுகள் கழித்து, பாரிசே பரிசளித்தது.